நொடிக்கு 30,000 பதிவுகள்: டேட்டாபேஸ் சர்வர் வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு

கேள்வி இது: மூன்று லட்சம் வாகனங்களில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் பத்து நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும். எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் (PostgreSQL என்ற டேட்டாபேஸ் மென்பொருள்) டேட்டாபேஸில் வந்து விழும். 90 நாள் வைத்திருக்க வேண்டும். விற்பனையாளர் இரண்டு சாக்கெட் (சிபியு பொருத்தும் இடம்), 64 கோர், 1 டிபி ரேம், ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) சாதாரண எஸ்எஸ்டிகள் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இது போதுமா?

என் பதில்: சிபியுவும் ரேமும் தேவைக்கு மேல் இருக்கின்றன, டிஸ்க் தேவைக்கு மிகக் கீழே இருக்கிறது. படிக்கும் வேலை அதிகமுள்ள டேட்டாபேஸுக்கு இந்தக் கொட்டேஷன் நன்றாகவே பொருந்தும். எழுதும் வேலைக்குக் கணக்கே வேறு. எப்படி வேறு என்பதை உங்கள் எண்களை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் நொடிக்கு எத்தனை பதிவு என்பதைப் பார்ப்போம். மூன்று லட்சத்தைப் பத்தால் வகுத்தால் 30,000. பெரிய எண்தான். ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் 2000 கோடியைத் தாண்டின. அதை அந்த மாதத்தின் நொடிகளால் வகுத்தால் சராசரி நொடிக்குச் சுமார் 7,500. எண்ணிக்கையில் உங்களுடையது நான்கு மடங்கு. ஆனால் உங்கள் வேலை யுபிஐயைவிடப் பல மடங்கு எளிது. அங்கே ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனி வாக்குறுதி. ‘பணம் போய்விட்டது’ என்று சொன்ன பிறகு மின்சாரம் போனாலும் அந்தப் பதிவு இருந்தே ஆகவேண்டும். உங்களிடம் ஒரு பேருந்தின் பத்து நொடி இருப்பிடம் அரை நொடி தாமதமாகப் பதிவானால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதனால் ‘நொடிக்கு எத்தனை பதிவு’ என்பதை வைத்து ஹார்டுவேர் வாங்க முடியாது. இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, நொடிக்கு எத்தனை முறை ‘பத்திரமாக டிஸ்க்குக்குப் போய்விட்டது’ என்று சொல்லப்போகிறீர்கள், அதாவது எத்தனை கமிட். இரண்டு, ஒரு பதிவு எஸ்எஸ்டிக்குப் போய்ச் சேரும்போது எத்தனை பைட் ஆகியிருக்கும்.

கமிட்டில் தொடங்குவோம். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் வால் லாக்கில் (மாற்றங்கள் வந்த வரிசையிலேயே தொடர்ச்சியாக எழுதப்படும் கோப்பு) எழுதும். கமிட் என்றால் அந்த லாக் டிஸ்க்கில் உண்மையாகவே இறங்கிவிட்டது என்ற உறுதி. அதற்கு எஃப்சிங்க் வகை அழைப்பு ஒன்று போகும்; டிஸ்க் ‘சரி’ என்று சொல்லும்வரை கமிட் காத்திருக்கும். எழுதும் சர்வரில் மிக முக்கியமான ஒரே அளவு இந்தக் காத்திருப்பு நேரம்தான். விளம்பரத்தில் போடும் ‘நொடிக்கு 7 ஜிபி’யும் ‘பத்து லட்சம் ஐஓபிஎஸ்’ஸும் (நொடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து) இங்கே எதையும் சொல்வதில்லை. அவை பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் வரிசையில் நிறுத்தி அளந்த எண்கள்.

7200 ஆர்பிஎம் ஹார்டுடிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றும். லாக்கின் நுனியில் அடுத்த துண்டை எழுத அந்த இடம் திரும்பச் சுழன்று வரவேண்டும். அதாவது ஒரு இணைப்பிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 120 கமிட்தான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான எஸ்எஸ்டியில் அரை மில்லிநொடியிலிருந்து சில மில்லிநொடிகள் வரை ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் தன் தற்காலிக நினைவகத்தில் உள்ளதை ஃபிளாஷுக்குள் தள்ளியாக வேண்டும். மின்தடைப் பாதுகாப்பு உள்ள என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியில் கதை மாறுகிறது. பலகையிலேயே சிறு கெபாசிட்டர் வரிசை இருக்கும். மின்சாரம் திடீரென்று போனாலும் தற்காலிக நினைவகத்தில் உள்ளதை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவை சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். அதனால் அந்த டிஸ்க் தரவைத் தன் நினைவகத்தில் வாங்கியதுமே ‘சரி’ என்று நேர்மையாகச் சொல்ல முடியும். சில பத்து மைக்ரோநொடிகளில் வேலை முடியும். வீட்டு எஸ்எஸ்டிக்கும் இதற்கும் விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். கமிட் வேகத்தில் ஐம்பது, நூறு மடங்கு.

‘எங்களிடம் நல்ல யுபிஎஸ் இருக்கிறதே’ என்று பலர் சொல்வார்கள். சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலோ, ரேக்கில் யாராவது தவறான கேபிளைப் பிடுங்கினாலோ யுபிஎஸ் எதுவும் செய்யாது. கெபாசிட்டர் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கவேண்டும்.

வாங்கிய டிஸ்க் உண்மை பேசுகிறதா என்று பார்க்க போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவி போதும். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் அது நொடிக்கு ஐயாயிரம் என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். சுழற்சியின் இயற்பியல் அதை அனுமதிக்காது. நடுவில் ஏதோ ஒரு கேஷ், பேட்டரி இல்லாமல், ‘எழுதிவிட்டேன்’ என்று பொய் சொல்கிறது என்று அர்த்தம். அந்தப் பொய் வெளிப்படுவது மின்சாரம் போன அன்றுதான்.

இனி உங்கள் 30,000-க்கு வருவோம். ஒவ்வொரு பதிவையும் தனி கமிட்டாகப் போட்டால் நொடிக்கு 30,000 உறுதிமொழி. போஸ்ட்கிரெஸ் ஒரே நேரத்தில் காத்திருக்கும் பல கமிட்களைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் முடிக்கும், அதனால் நல்ல டிஸ்க் இருந்தால் நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்யவே கூடாது. காரணம் டிஸ்க் அல்ல, பரிவர்த்தனை எண். போஸ்ட்கிரெஸின் டிரான்ஸாக்‌ஷன் ஐடி 32 பிட். சுமார் 214 கோடி பரிவர்த்தனைக்குள் பழைய பதிவுகளை வேக்யூம் (போஸ்ட்கிரெஸின் பின்னணித் துப்புரவு வேலை) ‘உறைய’ வைக்காவிட்டால், அதாவது அவற்றின் பழைய எண்ணை இனிப் பார்க்கவேண்டாம் என்று குறிக்காவிட்டால், டேட்டாபேஸ் எழுத்தை நிறுத்திவிடும். நொடிக்கு 30,000 என்றால் அந்த 214 கோடி இருபது மணி நேரத்துக்குள் தீரும். கட்டாய வேக்யூமைத் தூண்டும் இயல்பு வரம்பான 20 கோடியை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொட்டுவிடுவீர்கள். அதாவது நாள் முழுக்க வேக்யூம் உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். இந்தச் சுவரில் மோதி நின்றவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. 2015-இல் மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் சென்ட்ரி, 2019-இல் மெயில்சிம்ப்பின் மேன்ட்ரில் மின்னஞ்சல் சேவை, இரண்டும் இதே காரணத்தால் முடங்கின.

ஆயிரம் பதிவை ஒரு தொகுதியாகச் சேர்த்து காப்பி (COPY) கட்டளையில் போடுங்கள். நொடிக்கு 30 கமிட். அதே 214 கோடி இப்போது இரண்டே கால் வருடம் வரும். 30 கமிட்டை ஒரு பழைய ஹார்டுடிஸ்க்கின் லாக்கே தாங்கும் என்பதைக் கவனியுங்கள். பல லட்ச ரூபாய் ஹார்டுவேர் தீர்க்கவேண்டிய சிக்கலை மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் கரைத்துவிடுகிறது. அதனால்தான் கொட்டேஷனைப் பார்க்கும் முன் நிரலைப் பார்க்கச் சொல்கிறேன்.

தொகுதி சேர்ப்பதில் ஒரே ஆபத்து: ஆயிரம் சேரும்வரை பதிவுகள் செயலியின் நினைவகத்தில் இருக்கின்றன, அது விழுந்தால் போய்விடும். கருவிக்கு ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும் இடம் எது என்பதைத் தெளிவாக முடிவு செய்யுங்கள். காஃப்கா போன்ற, டிஸ்க்கில் எழுதும் ஒரு வரிசையை முன்னால் வைத்து, அதில் விழுந்ததும் பதில் அனுப்பலாம். அல்லது டேட்டாபேஸ் கமிட் ஆன பிறகே அனுப்பலாம். இரண்டும் சரியான வழிதான். முடிவே எடுக்காமல் விடுவதுதான் தவறு.

சிங்க்ரனஸ் கமிட் என்ற அமைப்பை ஆஃப் செய்வதும் உங்களுக்கு ஏற்ற வழியே. கமிட் டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. சர்வர் விழுந்தால் இயல்பு அமைப்பில் கடைசி 0.6 நொடி வரையிலான பதிவுகள் போகலாம், ஆனால் டேட்டாபேஸ் கெடாது. எஃப்சிங்க் அமைப்பையே ஆஃப் செய்வது வேறு விஷயம். அது முழு டேட்டாபேஸையும் குப்பையாக்கக்கூடியது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்து இரண்டாவது எண். நான் மிகவும் வற்புறுத்தும் கணக்கு இதுதான், ஏனென்றால் இதை யாரும் போடுவதில்லை.

வாகன எண், நேரம், சர்வருக்கு வந்த நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய ஐந்தும் ஆளுக்கு 8 பைட். வேகம், திசை, நிலை ஆகியவற்றுக்கு மொத்தம் 8 பைட். ஆக 48 பைட். நொடிக்கு 30,000 என்றால் 1.44 எம்பி. ஒரு பென்டிரைவ்கூட இந்த வேகத்தில் எழுதும். கொட்டேஷன் எழுதியவரும் இங்கேயே நின்றிருக்கிறார்.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு பதிவுக்கும் 24 பைட் தலைப்பும் 4 பைட் சுட்டியும் சேரும்: 76 ஆகிவிட்டது. ‘இந்த வண்டி இன்று எந்த வழியாகப் போனது’ என்று கேட்க, வாகன எண் + நேரம் என்ற இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) வேண்டும். அதில் ஒரு 30, 40 பைட். இவை இரண்டும் டேபிள் கோப்புகளுக்குப் போகும் முன் வால் லாக்கிலும் போகவேண்டும். அங்கே பதிவுக்கு ஒன்று, இண்டெக்ஸுக்கு ஒன்று என்று தலைப்புகளோடு சேர்த்து சுமார் 175 பைட் என்று வையுங்கள். 48 பைட் இப்போதே 290 பைட்டைத் தொட்டுவிட்டது. இன்னும் முடியவில்லை.

செக்பாயின்ட் என்று ஒன்று உண்டு. நினைவகத்தில் மாறிய பக்கங்களையெல்லாம் (டேட்டாபேஸ் தரவைப் பிரித்து வைக்கும் 8 கேபி துண்டுகள்) டேபிள் கோப்புகளில் இறக்கி, ‘இதுவரை லாக் தேவையில்லை’ என்று கோடு போடும் வேலை. அந்தக் கோட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் முதன்முறையாக மாறும்போது, பாதி எழுதப்பட்டுக் கிழிந்துபோகும் ஆபத்துக்காக, அந்த 8 கேபி பக்கத்தையே முழுசாக வால் லாக்கில் போடும். உங்கள் இண்டெக்ஸில் ஒவ்வொரு வாகனத்தின் புதிய பதிவும் வெவ்வேறு பக்கத்தில் போய் விழுகிறது. நாள் ஏற ஏற, மூன்று லட்சம் வாகனத்துக்கு மூன்று லட்சம் பக்கம் எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்கும் பிறகு அந்த மூன்று லட்சம் பக்கமும் ஒருமுறை முழுசாக லாக்குக்குப் போகும்: அதிகபட்சம் 2.4 ஜிபி. அதுவும் முதல் பத்து நொடிக்குள், ஏனென்றால் பத்து நொடியில் எல்லா வாகனமும் ஒருமுறை பேசிவிடும். நொடிக்கு 1.44 எம்பி தகவலுக்காக லாக் நொடிக்கு 240 எம்பி பாய்கிறது!

இயல்பு அமைப்பில் செக்பாயின்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஆனால் ‘லாக் இவ்வளவு வளர்ந்தால் உடனே செக்பாயின்ட்’ என்று சொல்லும் மேக்ஸ் வால் சைஸ் 1 ஜிபிதான். அந்த 2.4 ஜிபி வெள்ளம் வரும்போதே வரம்பு நிரம்பி, அடுத்த செக்பாயின்ட் தொடங்கி, மறுபடி முழுப் பக்கங்கள், மறுபடி செக்பாயின்ட் என்று விடாமல் சுழலும். ‘பெரிய சர்வர் வாங்கியும் ஏன் இழுக்கிறது’ என்று புலம்புகிறவர்களிடம் முதலில் போஸ்ட்கிரெஸ் தன் செய்திகளை எழுதும் கோப்பைத் (வால் லாக் அல்ல) திறந்து, ‘செக்பாயின்ட்கள் அடிக்கடி நடக்கின்றன’ என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

மேக்ஸ் வால் சைஸை 50 ஜிபி அளவுக்கு ஏற்றி, இடைவெளி மட்டும் ஐந்து நிமிடமாகவே இருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? லாக்கில் சாதாரணப் பதிவுகள் 5 நிமிடத்துக்கு 1.6 ஜிபி, முழுப் பக்கங்கள் 2.4 ஜிபி, நாளைக்கு 288 முறை, சுமார் 1,150 ஜிபி. இண்டெக்ஸ் பக்கங்களை இறக்க இன்னொரு 690 ஜிபி. டேபிள் 200 ஜிபி. மொத்தம் 2 டிபிக்கு மேல். இடைவெளியை 30 நிமிடமாக்கினால்? லாக் 570, இண்டெக்ஸ் 115, டேபிள் அதே 200. மொத்தம் 900 ஜிபிக்குள் அடங்கும். ஒரு வரி மாற்றத்தில் டிஸ்க்கின் வேலை பாதிக்கும் கீழே. இதற்கு விலை: சர்வர் விழுந்து எழும்போது அரைமணி நேர லாக்கைத் திரும்ப ஓட்டவேண்டும், சில நிமிடம் கூடுதலாகும். ரெப்ளிகா (அதே தரவை உடனுக்குடன் வாங்கும் நகல் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய விலை இல்லை. வால் கம்ப்ரஷனையும் ஆன் செய்யுங்கள். 15-ஆம் பதிப்பு முதல் எல்இசட்4, இசட்ஸ்டாண்டர்டு என்ற சுருக்கும் முறைகள் இரண்டும் உண்டு. அது சுருக்குவது இந்த முழுப் பக்கங்களைத்தான்.

இந்த 2 டிபி எண்ணை எஸ்எஸ்டியின் ஆயுளோடு வைத்துப் பாருங்கள். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும். 1 டிபி வீட்டு எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுத்து வரை உத்தரவாதம் என்பது வழக்கமான அளவு. நாளைக்கு 2 டிபி என்றால் பத்து மாதத்தில் முடிந்தது. என்டர்பிரைஸ் டிஸ்க்குகளுக்கு ‘நாளொன்றுக்கு எத்தனை முறை முழுசாக எழுதலாம்’ என்று போடுவார்கள். 3.84 டிபி டிஸ்க், நாளுக்கு ஒரு முறை, ஐந்து வருடம் என்றால் மொத்தம் 7,000 டிபி. 1.6 டிபி டிஸ்க், நாளுக்கு மூன்று முறை என்றால் 8,760 டிபி. அளவில் பாதிகூட இல்லாத டிஸ்க் அதிகம் தாங்குகிறது. லாக்குக்கு அந்த வகையைத்தான் எடுக்கவேண்டும். மிரர் செய்தால் தேய்மானம் பங்கிடப்படாது என்பதையும் மறக்காதீர்கள்: இரண்டு டிஸ்க்கும் முழு எழுத்தையும் வாங்கும், ஒரே வேகத்தில் தேயும். ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒரே வாரத்தில் போகவும் வாய்ப்புண்டு. தேய்மான சதவீதத்தை, டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் தகவலில் மாதாமாதம் குறித்து வையுங்கள்.

ரெய்டு 5 இங்கே வேண்டாம். ஒரு சிறு எழுத்துக்குப் பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியை (தொலைந்த தரவைத் திரும்பக் கணக்கிட வைத்திருக்கும் துண்டு) படி, புதியது இரண்டையும் எழுது என்று நான்கு வேலை. எதையும் இரண்டு டிஸ்க்கில் அப்படியே எழுதும் ரெய்டு 10-இல் இரண்டே எழுத்து. ‘இடம் வீணாகிறது’ என்பார்கள். நீங்கள் வாங்குவது இடம் இல்லை, எழுதும் திறன்.

ரேமுக்கு வருகிறேன். எழுதும் டேட்டாபேஸுக்கு எவ்வளவு ரேம் என்பதை இண்டெக்ஸ்தான் முடிவு செய்யும். மேலே சொன்ன இண்டெக்ஸில் எப்போதும் சூடாக இருக்கும் பக்கம் 2.4 ஜிபிதான். 64 ஜிபி ரேமே தாராளம். ஆனால் உங்கள் டெவலப்பர் ஒவ்வொரு பதிவுக்கும் தற்செயல் யுயுஐடி (16 பைட் அடையாள எண்) ஒன்றை பிரைமரி கீயாக (பதிவின் முக்கிய அடையாளமாக) வைத்தார் என்று வையுங்கள். நாளைக்கு 259 கோடி பதிவு. ஒரு நாள் பார்ட்டிஷனில் (டேபிளைப் பிரித்து வைத்த துண்டு) அந்த ஒரு இண்டெக்ஸ் மட்டும் 100 ஜிபியை எட்டும். புதிய பதிவு அதில் எந்தப் பக்கத்தில் விழும் என்று சொல்லவே முடியாது. அதனால் மொத்த 100 ஜிபியும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கத்தைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதவேண்டும். செக்பாயின்ட்டுக்குப் பிறகான முழுப் பக்க வெள்ளமும் மூன்று லட்சத்தோடு நிற்காது. 1 டிபி ரேம் கேட்கும் வடிவமைப்பு இதுதான். இருப்பிடப் பதிவுக்குத் தனி அடையாள எண்ணே தேவையில்லை. வாகன எண்ணும் நேரமும் போதும். கட்டாயம் வேண்டுமென்றால் நேரவரிசையில் வளரும் யுயுஐடி 7-ஆம் வகையை வையுங்கள்; போஸ்ட்கிரெஸ் 18-இல் அது உள்ளேயே வருகிறது. நேரத்தை வைத்து மட்டும் தேடும் கேள்விகளுக்கு பக்கத் தொகுதிக்கு ஒரு சுருக்கம் மட்டும் வைக்கும் பிரின் இண்டெக்ஸ் போதும். அது சில எம்பிதான், எழுதும்போது பாரமே தெரியாது.

பார்ட்டிஷனை நாளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். 90 நாள் ஆனதும் பழையதை ஒரே கட்டளையில் டிராப் செய்யலாம். 259 கோடி பதிவை டெலீட் செய்வது என்பது அதே அளவு எழுத்து வேலையை இரண்டாம் முறை செய்வது.

இடையில் ஒன்று. ‘ஒவ்வொரு வண்டியும் இப்போது எங்கே’ என்ற திரைக்காகக் கடைசி இருப்பிட டேபிள் ஒன்றை வைத்து, நொடிக்கு 30,000 அப்டேட் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் புதிய பிரதி எழுதி, பழையதைக் குப்பையாக விடுவது. மூன்று லட்சம் பதிவு உள்ள சின்ன டேபிள் வீங்கி, லாக்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். அந்தத் தகவல் மொத்தமே 25 எம்பி. போனாலும் வரலாற்று டேபிளிலிருந்தோ, அடுத்த பத்து நொடியில் கருவிகளிடமிருந்தோ திரும்ப வந்துவிடும். ரெடிஸ் மாதிரி நினைவகக் கிடங்கில் வையுங்கள், டேட்டாபேஸுக்குள் கொண்டுவராதீர்கள்.

அதிக ரேம் கெடுதல் செய்யுமா என்றால், ஒரு வழியில் செய்யும். லினக்ஸ் இயல்பாக, கிடைக்கும் நினைவகத்தில் 10% வரை எழுதாமல் தேக்கிவிட்டு அப்புறம்தான் பின்னணியில் எழுதத் தொடங்கும். 1 டிபி இயந்திரத்தில் அது 100 ஜிபி வரை போகலாம். பேக்கப் கோப்பு ஒன்று எழுதும்போது அவ்வளவு தேங்கி ஒரே மூச்சில் இறங்கினால் கமிட்கள் மூச்சு முட்டும். அந்த வரம்பைச் சதவீதமாக விடாமல் சில நூறு எம்பி என்று பைட்டிலேயே குறித்துவிடுங்கள்.

சிபியுவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வால் லாக் ஒற்றைத் தொடர். அதில் எழுத 64 கோர் வரிசையில் நின்றாலும் பாதை ஒன்றுதான். காப்பி கட்டளையில் ஒரே இணைப்பு நொடிக்குப் பல பத்தாயிரம் பதிவை ஏற்றும். எண்ணிக்கையைவிடக் கடிகார வேகம் முக்கியம். ஒரு சாக்கெட், 24 அல்லது 32 வேகமான கோர் எடுங்கள்; இரண்டு சாக்கெட்டில் நினைவகம் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கும் தொல்லையும் போகும்.

இப்போது உச்ச சுமை. சராசரிக்கு வாங்கினால் முதல் கோளாறிலேயே மாட்டுவீர்கள். இந்தியாவில் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கான ஏஐஎஸ் 140 தரத்தில் உள்ள கருவிகள், நெட்வொர்க் இல்லாதபோது பதிவுகளைத் தம்மிடமே சேமித்து வைத்து, தொடர்பு வந்ததும் அனுப்பும். உங்கள் டேட்டா சென்டர் இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்தால் 10.8 கோடி பதிவு வெளியே காத்திருக்கும். அன்றாட வரத்து நிற்காது. உங்கள் சர்வர் அதிகபட்சம் நொடிக்கு 36,000 தாங்கும் என்றால் மிச்சம் 6,000தான்; பாக்கியைத் தீர்க்க ஐந்து மணி நேரம். 90,000 தாங்கினால் அரைமணி. நான் மூன்று மடங்குக்குக் கீழே ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பழைய நேரத்துப் பதிவுகள் வரும்போது அவை நேற்றைய பார்ட்டிஷனிலும் விழும் என்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெப்ளிகா கட்டாயம், அதுவும் அதே தரமான டிஸ்க்குகளோடு. ‘அது சும்மா நகல்தானே’ என்று மலிவான டிஸ்க் போடுவார்கள். போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகாவில் லாக்கை ஓட்டுவது ஒரே ப்ராசஸ். முதன்மை சர்வரில் பல இணைப்புகள் சேர்ந்து எழுதியதை அங்கே அது தனியாளாகச் செய்யவேண்டும். மெதுவான டிஸ்க் என்றால் பின்தங்கிக்கொண்டே போகும். ரெப்ளிகா இல்லாமல் இருப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் அடுத்த முறை ‘வெற்றி’ என்று பொய்யாக வரலாம் என்பது 2018-இல் தெரியவந்தது; 2019 பிப்ரவரி வெளியீடுகள் முதல் போஸ்ட்கிரெஸ் அந்தத் தோல்வியைக் கண்டால் தன்னையே நிறுத்திக்கொண்டு லாக்கிலிருந்து மீளும். அது சரியான முடிவுதான். ஆனால் ஒரு டிஸ்க் பிழை உங்கள் சேவையை நிறுத்தும் என்பது அதன் மறுபக்கம்.

ரெப்ளிகா வேறு ஊரில் என்றால் ஒளியின் வேகத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர். போய்த் திரும்ப 10 மில்லிநொடிக்குக் குறையவே குறையாது. மும்பை ரெப்ளிகாவின் பதிலுக்காக ஒவ்வொரு கமிட்டும் காத்திருந்தால், எவ்வளவு வேகமான டிஸ்க் வாங்கினாலும் ஒரு இணைப்பில் நொடிக்கு நூறு கமிட்தான். தொகுதியாகப் போட்டால் அதுவும் உங்களுக்குப் போதும்.

லாக் டிஸ்க்கின் அளவையும் ரெப்ளிகாதான் முடிவு செய்யும். ரெப்ளிகாவுக்கு ஸ்லாட் (அது எதுவரை லாக்கை வாங்கியது என்ற குறிப்பு) வைத்தால், அது செத்துக் கிடக்கும்போது முதன்மை சர்வர் லாக்கை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். நாளைக்கு 570 ஜிபி என்றால், வெள்ளி இரவு விழுந்த ரெப்ளிகாவைத் திங்கள் காலை பார்த்தால் 1.4 டிபி. லாக் டிஸ்க் நிரம்பினால் முதன்மையும் நின்றுவிடும். 13-ஆம் பதிப்பு முதல் ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கலாம், வையுங்கள். லாக்கைத் தனி டிஸ்க் ஜோடியில் வைக்கச் சொல்வது வேகத்துக்காக மட்டுமல்ல, இந்தப் பிரச்சினை டேபிள்களின் இடத்தைத் தின்னாமல் இருக்கவும்தான்.

90 நாள் தரவு, டேபிளும் இண்டெக்ஸும் சேர்த்து, மொத்தம் 27 டிபி வரும். அதை முழுக்க வேகமான டிஸ்க்கில் வைக்கத் தேவையில்லை. இரண்டு வாரத் தரவு நான்கேகால் டிபி. அது மட்டும் முதன்மையில் இருக்கட்டும். பழைய பார்ட்டிஷன்களைச் சுருக்கி மலிவான சர்வருக்கு நகர்த்துங்கள். 27 டிபியையும் ஒரே இடத்தில் வைத்தால் பேக்கப்பை 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க்கில் திரும்ப ஏற்ற இரண்டரை நாள் ஆகும் என்பதையும் யோசியுங்கள். 25 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் கார்டு இன்று பெரிய செலவில்லை.

கிளவுடில் வைப்பதானால் ஒரே ஒரு எச்சரிக்கை: நெட்வொர்க் வழியாக வரும் சாதாரண டிஸ்க்கில் ஒவ்வொரு எஃப்சிங்க்கும் ஒரு மில்லிநொடி அளவில் இருக்கும், ஐஓபிஎஸ்ஸுக்கும் எம்பிக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. அமேசானின் ஜிபி3 (gp3) என்ற டிஸ்க் வகையில் அடிப்படைக் கட்டணத்துக்கு நொடிக்கு 125 எம்பிதான்; செக்பாயின்ட்டுக்குப் பிறகான 240 எம்பி வெள்ளம் அதில் முட்டி நிற்கும். கூடுதல் கொடுத்து ஏற்றலாம், ஆனால் கணக்கு போட்டிருந்தால்தான் எவ்வளவு என்று தெரியும்.

‘போஸ்ட்கிரெஸே வேண்டாம், கசாண்ட்ரா போட்டால் எல்லாம் தீரும்’ என்பவர்களுக்கு: கசாண்ட்ரா போன்ற டேட்டாபேஸ்களிலும் பதிவு ஒருமுறை எழுதப்படுவதோடு நிற்பதில்லை, பின்னணியில் கோப்புகளை ஒன்றிணைக்கும்போது திரும்பத் திரும்ப எழுதப்படும். இந்த அளவு சுமைக்கு மாறத் தேவையில்லை. பத்து மடங்கு வளர்ந்தால், வாகன எண்ணை வைத்துப் பல சர்வர்களுக்குப் பிரிப்பதைப் பற்றி அப்போது பேசலாம்.

ஆக, என் பரிந்துரை: ஒரு சாக்கெட், 32 வேகமான கோர், 256 ஜிபி இசிசி (பிழையைத் தானே திருத்தும்) ரேம். லாக்குக்கு 1.6 டிபி, நாளுக்கு மூன்று முறை எழுதும் தரத்தில் இரண்டு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, மிரராக. டேபிளுக்கு 3.84 டிபி, நாளுக்கு ஒரு முறை தரத்தில் நான்கு, ரெய்டு 10-ஆக. ஆறிலும் மின்தடைப் பாதுகாப்பு இருக்கிறது என்பதை மாடல் எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். ‘என்டர்பிரைஸ் கிரேடு’ என்ற சொல் மட்டும் போதாது. இதே மாதிரி இன்னொன்று ரெப்ளிகாவுக்கு.

இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். முதலில் ஒன்றை வாங்கி, டிஸ்க்கை முக்கால்வாசி நிரப்பிவிட்டு, உங்கள் சொந்த டேபிள், சொந்த இண்டெக்ஸோடு நொடிக்கு 90,000 பதிவை இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டுங்கள். புது எஸ்எஸ்டி முதல் சில நிமிடம் எல்லோரையும் மயக்கும். உள்ளே காலி பிளாக்குகள் தீர்ந்த பிறகுதான் அதன் உண்மை வேகம் தெரியும். சராசரி கமிட் நேரத்தைப் பார்க்காதீர்கள், ஆயிரத்தில் மிக மெதுவான ஒன்றைப் பாருங்கள். செக்பாயின்ட் நடக்கும்போது அது எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். சோதனை உச்சத்தில் இருக்கும்போது பின்னால் போய் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். திரும்ப எழும்பியதும், கருவிகளுக்கு ‘கிடைத்தது’ என்று பதில் போன ஒவ்வொரு பதிவும் டேபிளில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால் இரண்டாவது சர்வருக்கு ஆர்டர் கொடுக்கலாம்.